காலி உறையிலிருந்து புகார்க் கடிதம் வரை: உயர்நிலை வகுப்புகளில் நுகர்வோர் கல்வி நடத்த முழுமையான வழிகாட்டி

நுகர்வோர் உரிமைகள் எத்தனை என்று கேட்டால் எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறையும் வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். அதே பிள்ளைகள் மதிய இடைவேளையில் 20 ரூபாய் என்று அச்சிட்ட குளிர்பானத்தை 22 ரூபாய் கொடுத்து வாங்குவார்கள். ஏன் என்று கேட்டால், "கூலிங் சார்ஜ் டீச்சர்" என்று காரணத்தையும் அவர்களே சொல்வார்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் எந்தப் பெயரிலும் வாங்கக்கூடாது என்பது தேர்வில் இரண்டு மதிப்பெண் வாங்கித் தந்த விடை. கடை வாசலில் அது நினைவுக்கே வரவில்லை.

அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தும் நான் இதைப் பார்த்த பிறகுதான் பாடத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். உரிமைகளில் தொடங்கிச் சட்டத்தில் முடிக்கும் பாடப்புத்தக வரிசையை விட்டுவிட்டு, பிள்ளை கையில் இருக்கும் காலி உறையில் தொடங்கி, பிள்ளையே எழுதும் புகார்க் கடிதத்தில் முடித்தேன். அந்த வரிசையைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் நுகர்வோர் கல்வி தனிப் பாடமாக இல்லை. ஏழாம் வகுப்புக் குடிமையியலில் சந்தையும் நுகர்வோர் பாதுகாப்பும் ஒரு பாடமாக வருகிறது. பிறகு பிளஸ் டூ வணிகவியலில் வருகிறது. வணிகவியல் எடுக்காத பிள்ளைக்கு ஏழாம் வகுப்போடு சரி. தென்னாப்பிரிக்காவில் பத்து முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உணவு, உடை, வீடு, சிறுதொழில் எல்லாம் சேர்த்து செய்முறையோடு இதைத் தனிப் பாடமாகவே படிக்கிறார்கள். நமக்கு அவ்வளவு நேரம் கிடையாது. ஒரு பருவத்தில் வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கினால் பன்னிரண்டு முதல் பதினான்கு பாடவேளை கிடைக்கும். எட்டிலும் ஒன்பதிலும் வகுப்புச் செயல்பாடாகவே இதை நடத்திவிடலாம். ஹெச்.எம்.மிடம் தனி அனுமதிக்கு அலைய வேண்டியதில்லை.

தொடங்கும் முன்: வகுப்பில் கடைக்காரரின் பிள்ளை இருக்கிறது

முதல் ஆண்டு நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து, "தெருக் கடைகளில் என்னென்ன முறைகேடு நடக்கிறது என்று எழுதி வாருங்கள்" என்று அனுப்பினேன். மறுநாள் ஒரு குழு எழுந்து, எங்கள் தெருமுனை மளிகைக்கடையின் பெயரைச் சொல்லி, காலாவதியான பிஸ்கட் வைத்திருந்தார்கள் என்று வாசித்தது. அந்தக் கடைக்காரரின் மகள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசித்தான் அழைத்து வந்தேன்.

திரும்பி வந்த பிறகு அவளிடம் ஒன்று கேட்டேன்: "கடைக்கு உள்ளே இருந்து பார்த்தால் எப்படி இருக்கும்னு நீ சொல்றியாம்மா?" அவள் சொன்னது வேறு எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காத பாடம். தேதி முடியப் போகும் சரக்கை வண்டிக்காரர் தள்ளிவிட்டுப் போவது, திருப்பி எடுக்கச் சொன்னால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்பது, அப்பா மாலையில் உட்கார்ந்து தேதி பார்த்துப் பிரித்து வைப்பது எல்லாம் சொன்னாள். அன்றிலிருந்து மூன்று விதிகள் வைத்திருக்கிறேன்.

ஒன்று, வகுப்பில் எந்த உள்ளூர்க் கடையின் பெயரும் வராது. பொருளைப் பற்றிப் பேசலாம், கடையைப் பற்றிப் பேசக்கூடாது. தவறு உண்மையாகவே இருந்தால் அதை முதலில் கடைக்காரரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு, வீட்டு வரவுசெலவு கேட்பதில்லை. "உங்கள் வீட்டில் மாதம் எவ்வளவு செலவாகிறது?" என்ற செயல்பாடு பல கையேடுகளில் இருக்கிறது. நூறு நாள் வேலைச் சம்பளத்தை நம்பியிருக்கும் வீட்டுப் பிள்ளை பொய்க்கணக்கு எழுதும், அல்லது தலைகுனியும். அதற்குப் பதிலாக ஒரு கற்பனைக் குடும்பத்தைக் கரும்பலகையில் உருவாக்கி, அதற்குச் சம்பளமும் கொடுத்து, பட்ஜெட் போடச் சொல்லுங்கள். பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவார்கள்.

மூன்று, எந்தப் பிள்ளை சாப்பிடுவதையும் கேவலமாகப் பேசக்கூடாது. ஐந்து ரூபாய் நொறுக்குத்தீனிதான் காலை உணவு என்று வரும் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள்.

படி 1: உறை சேகரிப்பு (இரண்டு பாடவேளை)

முதல் வகுப்புக்கு இரண்டு வாரம் முன்பே ஒரு அட்டைப்பெட்டியை வகுப்பு மூலையில் வைத்துவிடுங்கள். பிஸ்கட் உறை, சோப்பு அட்டை, ஷாம்பூ சாஷே, பால் பாக்கெட், மாத்திரை அட்டை என்று கழுவித் துடைத்த எதையும் போடலாம். காசு செலவில்லாத பாடப்பொருள் இது. நாற்பது பிள்ளைகள் இருந்தால் நூறு உறைக்குக் குறையாமல் சேரும்.

முதல் வகுப்பில் எதையும் விளக்காதீர்கள். குழுவுக்குப் பத்து உறை கொடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை தகவல் இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும், பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதம் ஆண்டு, வரிகள் உட்பட அதிகபட்ச விலை, புகார் தெரிவிக்கத் தொலைபேசி எண் அல்லது மின்னஞ்சல் எல்லாம் இருக்க வேண்டும். மிகச் சிறிய பாக்கெட்டுகளுக்கு விலக்கு உண்டு. பட்டியலை நீங்கள் சொல்லாமல் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். "டீச்சர், இதுல அட்ரஸே இல்ல" என்று ஒரு குழுவாவது கத்தும். பெரும்பாலும் அது பேருந்து நிலையத்தில் வாங்கிய, பெயரில்லாத மிட்டாய் உறையாக இருக்கும். அந்த இடத்தில் பாடம் தானாக நடந்துவிடுகிறது.

இரண்டாவது பாடவேளை கணக்குக்கு. ஒரு கிராமுக்கு என்ன விலை என்று போட வைக்க வேண்டும். 5 ரூபாய் பாக்கெட்டில் 40 கிராம் என்றால் கிராமுக்கு 12.5 காசு. 30 ரூபாய் பாக்கெட்டில் 250 கிராம் என்றால் 12 காசு. இப்போது பல பாக்கெட்டுகளில் ஒரு கிராம் விலையே அச்சிடப்பட்டிருக்கும். கணக்கைப் போட்ட பிறகு அதைத் தேடிச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாக நடத்துங்கள். பெரிய பாக்கெட்தான் எப்போதும் மலிவு என்று நாமும் நினைக்கிறோம், பிள்ளைகளும் நினைக்கிறார்கள். ஷாம்பூவை எடுத்துக் கணக்குப் போடுங்கள். பல சமயம் ஒரு மில்லிலிட்டருக்கு சாஷேதான் மலிவாக வரும், பாட்டில் விலை கூடுதலாக வரும். ஷாம்பூவை சாஷேயில் அடைத்து விற்ற முன்னோடி கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன் என்பதையும் அப்போது சொல்லலாம். அன்றாடக் கூலி வாங்குபவரால் மொத்தமாகப் பாட்டில் வாங்க முடியாது என்பதைப் புரிந்துகொண்டதிலிருந்து பிறந்த வியாபாரம் அது. அதனால் சேரும் பிளாஸ்டிக் குப்பையையும் சேர்த்தே பேச வேண்டும். பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று வாதாடுவார்கள். நான் தீர்ப்பு சொல்வதில்லை.

படி 2: முன்பக்கமும் பின்பக்கமும் (இரண்டு பாடவேளை)

உறையின் முன்பக்கம் விற்பதற்கு, பின்பக்கம் தெரிவிப்பதற்கு. குழுக்களிடம் முன்பக்கத்தில் உள்ள படங்களையும் சொற்களையும் ஒரு பத்தியிலும், பின்பக்கத்தில் உள்ளவற்றை மற்றொரு பத்தியிலும் எழுதச் சொல்லுங்கள். மாம்பழப் படம் போட்ட பானத்தில் முதல் பொருள் தண்ணீர், அடுத்தது சர்க்கரை, அதன் பிறகுதான் மாம்பழக் கூழ் என்று வரும். சேர்மானப் பட்டியல் எடையின் இறங்கு வரிசையில் எழுதப்படுகிறது என்ற ஒரே ஒரு விதி தெரிந்தால் போதும், பிள்ளைகள் எந்த லேபிளையும் படித்துவிடுவார்கள். கோப்பையில் விற்கும் குளிர் இனிப்பில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று இருந்தால் அது பால் கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பில் செய்தது, ஐஸ்கிரீம் அல்ல என்பதை எங்கள் பிள்ளைகள் கண்டுபிடித்த நாள் வகுப்பே கொந்தளித்துவிட்டது.

அரசும் இந்த விஷயத்தில் தலையிட்டிருக்கிறது என்பதைக் காட்டுங்கள். 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், அடர்சாற்றில் தண்ணீர் கலந்து தயாரிக்கும் பானங்களில் '100 சதவீதப் பழச்சாறு' என்று போடுவதை நீக்கச் சொன்னது. அதே ஆண்டு ஏப்ரலில், 'ஹெல்த் ட்ரிங்க்' என்ற தலைப்பின் கீழ் பானங்களைப் பட்டியலிட வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய அரசு அறிவுறுத்தியது.

அடுத்து சர்க்கரைச் செய்முறை. ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு தேக்கரண்டி, கால் கிலோ சர்க்கரை இருந்தால் போதும். பானத்தின் லேபிளில் 100 மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரை என்று இருந்தால் 250 மில்லி பாட்டிலில் 26.5 கிராம். ஒரு தேக்கரண்டி சுமார் 5 கிராம். ஒரு பிள்ளையை அழைத்து, எல்லோரும் எண்ண எண்ண, ஐந்து கரண்டி போட்டு அதற்கு மேல் கொஞ்சம் போடச் சொல்லுங்கள். நான்காவது கரண்டியில் வகுப்பு அமைதியாகிவிடும். பெரியவர் ஒருவர் நாள் முழுவதும் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை ஏறக்குறைய 50 கிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் என்பதை அப்போது சொன்னால் போதும். அறிவுரை வேண்டாம், டம்ளரே காட்டிவிடுகிறது.

பச்சைப் புள்ளி சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம், உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க உரிம எண், 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்பதற்கும் 'இந்தத் தேதிக்கு முன் சிறந்தது' என்பதற்கும் உள்ள வேறுபாடு ஆகியவற்றை இந்தப் பாடவேளையிலேயே சுருக்கமாக முடித்துவிடலாம்.

படி 3: எடை (இரண்டு பாடவேளை)

அறிவியல் ஆய்வகத்தில் இருக்கும் மின்னணுத் தராசைக் கேட்டு வாங்குங்கள். அவரவர் வீட்டுக்கு வாங்கிய, இன்னும் பிரிக்காத பாக்கெட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, நிறுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உறையின் எடையைக் கழிக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளே யோசித்துச் சொல்லட்டும். படி 1இல் சேர்த்த காலி உறைகள் இங்கே கைகொடுக்கும்.

சில பாக்கெட் குறைவாக இருக்கும். உடனே "ஏமாத்துறாங்க" என்ற குரல் எழும். அப்போதுதான் சட்டம் அனுமதிக்கும் பிழை அளவைச் சொல்ல வேண்டும். 100 முதல் 200 கிராம் வரையிலான பாக்கெட்டுக்கு 4.5 சதவீதம், 500 கிராம் முதல் ஒரு கிலோ வரை 15 கிராம். ஒரு பாக்கெட் 500க்குப் பதில் 491 கிராம் இருந்தால் அது மட்டுமே குற்றமாகாது. ஆனால் மொத்தமாக எடுத்துச் சராசரி பார்த்தால் அச்சிட்ட அளவுக்குக் குறையக்கூடாது. சந்தேகப்படுவதற்கும் குற்றம் சாட்டுவதற்கும் நடுவில் கணக்கு ஒன்று இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் இங்கே கற்றுக்கொள்கிறார்கள். இந்த ஒரு பாடவேளைக்காக மற்ற எதை வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

கடைத் தராசுகளில் உள்ள முத்திரையையும் சொல்லிக் கொடுங்கள். எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் மறுமுத்திரை போட வேண்டும். நம் மாநிலத்தில் இதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. முத்திரைச் சான்றைக் கடையில் மாட்டியிருப்பார்கள்.

வீட்டுப்பாடமாக கேஸ் சிலிண்டர். உருளையின் மேல் வளையத்தில் வெற்று எடை எழுதியிருக்கும். வீட்டுச் சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ. வெற்று எடை 15.3 கிலோ என்றால் மொத்தம் 29.5 கிலோ இருக்க வேண்டும். கொண்டுவருபவரிடம் நிறுத்துக் காட்டக் கேட்கலாம். அதே இடத்தில் ஆங்கில எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு குறியும் இருக்கும். ஏ, பி, சி, டி ஆகிய நான்கும் ஆண்டின் நான்கு காலாண்டுகள். பி-27 என்றால் 2027 ஜூனுக்குள் அந்த உருளையை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும். பிள்ளை இதை எழுதிக்கொண்டு வரும்போது வீட்டில் அம்மாவும் ஆயாவும் சேர்ந்து படித்துவிடுகிறார்கள். சிலிண்டரைப் பிள்ளை தனியாக நகர்த்தக்கூடாது, பார்த்து எழுத மட்டும் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

படி 4: தரக்குறிகள் (ஒரு பாடவேளை)

இதை வேகமாக முடிக்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை, நகைக்கு ஹால்மார்க், மின்சாதனங்களுக்கு நட்சத்திரக் குறி, வேளாண் பொருட்களுக்கு அக்மார்க். படம் வரைந்து பாகம் குறிப்பதோடு நிறுத்தினால் பயனில்லை. முத்திரை உண்மையா என்று சோதிக்கும் வழியைக் காட்டுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் ஐ.எஸ்.ஐ. உரிம எண்ணையோ, ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. குறியையோ அடித்தால் விவரம் வரும். உங்கள் ஹெல்மெட்டையே வகுப்புக்குக் கொண்டுபோய்ச் சோதித்துக் காட்டுங்கள். ஐ.எஸ்.ஐ. இல்லாத ஹெல்மெட்டும் பிரஷர் குக்கரும் விற்கவே கூடாது. நகையைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஹெச்.யு.ஐ.டி. இல்லாத புதிய ஹால்மார்க் நகை விற்கக்கூடாது, 22 காரட் என்றால் 916 என்று இருக்கும் என்பதை நோட்டில் எழுதி வீட்டுக்கு அனுப்பினால் போதும். பழைய நகையில் இந்தக் குறி இல்லாவிட்டால் அது போலி என்று அர்த்தமில்லை என்பதையும் சேர்த்து எழுத வையுங்கள். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு வீட்டில் தேவையில்லாத சண்டை வரும்.

படி 5: பில் (இரண்டு பாடவேளை)

ஒரு பாடவேளை பில்லை வாசிக்க, ஒரு பாடவேளை நடிக்க. ஹோட்டல் பில், மருந்துக்கடை பில், மின்கட்டண ரசீது ஆகியவற்றை நகலெடுத்து, பெயர்களை மறைத்துக் கொடுங்கள். எம்.ஆர்.பி. உள்ள பொருளுக்கு அதன் மேல் தனியாக ஜி.எஸ்.டி. போட முடியாது, ஏனென்றால் அந்த விலைக்குள்ளேயே வரி அடங்கியிருக்கிறது. பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். இரண்டு முறை சொல்லுங்கள்.

நடிப்புக்கு ஒரு காட்சி: புத்தகப் பை வாங்கிப் பதினோராம் நாள் ஜிப் பிய்ந்துவிட்டது. கடைச்சுவரில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற பலகை. ஒரு பிள்ளை கடைக்காரர், ஒரு பிள்ளை வாங்கியவர். முதல் சுற்றில் கட்டாயம் சண்டை போடுவார்கள். இரண்டாம் சுற்றில், "அண்ணே, ஜூன் 12ஆம் தேதி உங்ககிட்ட வாங்கினேன், பில் இதோ, ஜிப் இப்படி ஆயிடுச்சு, மாத்திக் குடுங்கண்ணே" என்று தொடங்கச் சொல்லுங்கள். கடைக்காரராக நடிக்கும் பிள்ளையின் முகமே மாறுவதை வகுப்பு பார்க்கும்.

நடிப்பு முடிந்ததும் சட்டம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று திருப்புவதற்கு இது பொருந்தாது. அந்த எல்லையைச் சொல்லாமல் விட்டால் பிள்ளை கடையில் போய் அவமானப்படும்.

படி 6: கைப்பேசி (இரண்டு பாடவேளை)

நம் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியை இயக்குபவர்கள். அதனால் இந்தப் பகுதி வீட்டுக்கே பாதுகாப்பு. 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இணையத்தில் நம்மை மடக்கும் 13 உத்திகளைத் தடை செய்கின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். நான் நான்கை மட்டும் எடுத்து, பிள்ளைகளோடு சேர்ந்து தமிழில் பெயர் வைத்தேன். "இன்னும் இரண்டே மீதம்" என்று துரத்துவது பொய் அவசரம். நாம் எடுக்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது கள்ளக் கூடை. முதலில் ஒரு விலை காட்டிக் கடைசித் திரையில் கட்டணம் ஏற்றுவது சொட்டு விலை. சேர்வது ஒரு தட்டு, விலகுவதற்குப் பத்துத் தட்டு என்பது சந்தா பொறி. ஒரு வாரம் கழித்து ஆளுக்கு ஒரு உதாரணம் நோட்டில் வரைந்து வரச் சொன்னால் தாராளமாகக் கிடைக்கும்.

பணம் பற்றி ஒரே ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள்: பணம் வாங்குவதற்கு ரகசிய எண்ணும் (PIN) தேவையில்லை, கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க மீட்பது கடினம். ஏமாந்த பிள்ளையோ பெற்றோரோ வகுப்பில் இருக்கலாம். "இப்படிக்கூடவா ஏமாறுவாங்க" என்ற பேச்சு வாயில் வரவே கூடாது.

படி 7: இப்போதுதான் சட்டம் (ஒரு பாடவேளை)

இதுவரை பார்த்த ஒவ்வொன்றையும் ஒரு உரிமையோடு கோடு போட்டு இணைக்கச் சொல்லுங்கள். லேபிளுக்குத் தகவல் பெறும் உரிமை, ஹெல்மெட்டுக்குப் பாதுகாப்பு உரிமை, கிராம் விலைக் கணக்குக்குத் தெரிவு செய்யும் உரிமை. மனப்பாடம் தேவைப்படாது. 1962 மார்ச் 15 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் நான்கு உரிமைகளைச் சொன்னார், அதனால் அது உலக நுகர்வோர் உரிமை நாள். நம் நாட்டுச் சட்டம் 1986 டிசம்பர் 24 அன்று ஒப்புதல் பெற்றது, அது தேசிய நுகர்வோர் நாள். அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

புகாருக்கான வழியைப் படிக்கட்டாக வரையுங்கள். முதலில் கடை, பிறகு நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண், பிறகு தேசிய உதவி எண் 1915, கடைசியாக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நாம் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ரேஷன் கடைக் குறைக்கு 1967.

இரண்டு கேள்விகள் நிச்சயம் வரும். "அரசு ஆஸ்பத்திரி மேல கேஸ் போடலாமா டீச்சர்?" மருத்துவச் சேவையும் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் எல்லோருக்கும் முழுக்க இலவசமாகத் தரும் சேவை இந்தச் சட்டத்தில் வராது. அதற்கு வேறு வழிகள் உண்டு. அடுத்தது, "எங்கப்பா கடை வச்சிருக்காரு, அவரு நுகர்வோரா?" மறுவிற்பனைக்கு வாங்கிய பிஸ்கட் பெட்டிக்கு அவர் நுகர்வோர் இல்லை. பிழைப்புக்காகத் தானே பயன்படுத்த வாங்கிய தராசு பழுதானால் அவரும் நுகர்வோர்தான். இந்த விடையை நான் சொன்னபோது அந்த மூன்றாவது பெஞ்சுப் பெண் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டாள்.

தாமதத்தையும் மறைக்காதீர்கள். 1999இல் மதுரா ரயில் நிலையத்தில் 70 ரூபாய் டிக்கெட்டுக்கு 90 ரூபாய் வாங்கிவிட்டார்கள் என்று ஒருவர் தொடுத்த வழக்கில் 2022இல்தான் தீர்ப்பு வந்தது. அவர் வென்றார். 20 ரூபாய்க்கு 22 ஆண்டுக்கு மேல். இது வெற்றியா தோல்வியா என்று கேட்டு விட்டுவிடுங்கள்.

படி 8: கடிதம் (இரண்டு பாடவேளை, முடிந்தால் மூன்று)

மொத்தப் பாடமும் வந்து சேரும் இடம் இது. முதலில் எந்த மாதிரியும் கொடுக்காமல் எழுத விடுங்கள். ஒரு மாணவன் எழுதிய முதல் வடிவம் இப்படி இருந்தது:

"ஐயா, உங்கள் பை மிகவும் மோசம். நீங்கள் மக்களை ஏமாற்றுகிறீர்கள். ஏழைகள் என்றால் உங்களுக்கு இளக்காரமா? உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்."

கோபம் நியாயமானது. ஆனால் இதை வாசிப்பவருக்கு எந்தப் பை, எப்போது வாங்கியது, என்ன ஆனது, என்ன வேண்டும் எதுவுமே தெரியாது. நான்கு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினேன்: என்ன வாங்கினாய்? என்ன ஆனது? என்ன வேண்டும்? எப்போதைக்குள்? அவனே திருத்தி எழுதியது:

"ஐயா, 12.6 அன்று உங்கள் கடையில் 650 ரூபாய்க்குப் புத்தகப் பை வாங்கினோம். பில் நகல் இணைத்துள்ளேன். 23.6 அன்று அதன் பெரிய ஜிப் பல் விட்டுவிட்டது. படம் இணைத்துள்ளேன். நேரில் வந்து கேட்டபோது மாற்ற முடியாது என்றீர்கள். பையை மாற்றித் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடை முதலாளியாக உட்கார்ந்து எதற்குப் பதில் போடுவீர்கள் என்று கேளுங்கள். வசைச்சொல்லை நீக்குவது, தேதி சேர்ப்பது, அசல் பில்லைக் கொடுக்காமல் நகல் மட்டும் இணைப்பது, கடிதத்தின் நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்வது ஆகிய நான்கையும் கவனியுங்கள். தமிழாசிரியரையும் இந்த வகுப்புக்கு அழைக்கலாம். மொழிப்பாடக் கடிதப் பயிற்சிக்கும் இது கணக்காகும்.

பிறகு ஒரு உண்மையான கடிதம் அனுப்புங்கள். வகுப்புக்கு ஒன்று போதும். பொருள் பெற்றோருடையது என்றால் அவர்களுடைய சம்மதமும் கையொப்பமும் வேண்டும். உள்ளூர்க் கடைக்கு எதிராக வேண்டாம், உறையில் முகவரி அச்சிட்ட நிறுவனத்துக்கு எழுதலாம். நாங்கள் முதலில் எழுதியது, அச்சு அழிந்து தேதி தெரியாமல் இருந்த ஒரு பாக்கெட்டைப் பற்றி. பதில் வர ஐந்து வாரம் ஆனது. தபால் வந்த நாள் பிள்ளைகள் அந்த உறையைக்கூடக் கிழிக்க விடவில்லை, பிளேடு வைத்துப் பிரித்தார்கள்.

மதிப்பிடும் முறை

'ஆறு உரிமைகளை எழுதுக' என்ற வினாவை நான் விட்டுவிட்டேன். செயல்பாட்டு மதிப்பெண்ணை உறை ஆய்வு, எடைக் கணக்கு, கடிதம் மூன்றுக்கும் பிரிக்கிறேன், கடிதத்துக்குப் பாதி. எழுத்துத் தேர்வில் ஒரு லேபிளின் படத்தைக் கொடுத்து, இதில் எது விடுபட்டுள்ளது, கிராம் விலை என்ன, முன்பக்கம் சொல்வதும் பின்பக்கம் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று கேட்கலாம். எழுதத் தடுமாறும் பிள்ளை நடிப்பில் பிரமாதமாகப் பேசும். அதற்கும் மதிப்பெண் உண்டு என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள்.

ஆண்டு முழுக்கத் தொடர

தமிழகப் பள்ளிகளில் குடிமக்கள் நுகர்வோர் மன்றம் நடத்த ஏற்பாடு இருக்கிறது. உங்கள் பள்ளியில் பெயரளவில் இருந்தால் அதை உயிர்ப்பியுங்கள். டிசம்பர் 24 அரையாண்டு விடுமுறையை ஒட்டி வருவதால், கண்காட்சியை மார்ச் 15க்கு வைத்துக்கொள்ள நினைப்பீர்கள். ஆனால் அது பொதுத்தேர்வுக் காலம். நவம்பரில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும் நாளில் வைத்தால் பெற்றோரும் இருப்பார்கள். சர்க்கரை டம்ளரையும் கேஸ் சிலிண்டர்க் குறியையும் பிள்ளைகளே விளக்கட்டும்.

கடைசியாக ஒரு நீள நோட்டு வாங்குங்கள். புகார்ப் பதிவேடு என்று பெயர் எழுதி, தேதி, பொருள், யாருக்கு எழுதினோம், பதில் வந்த தேதி, முடிவு என்று ஐந்து பத்தி கோடு போடுங்கள். பொறுப்பை இரண்டு மாணவர்களிடம் கொடுங்கள். ஆண்டு இறுதியில் பதில் வராத வரிகளுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, அடுத்து வரும் ஒன்பதாம் வகுப்பிடம் நோட்டை ஒப்படையுங்கள். எங்கள் நோட்டில் இப்போது நான்கு சிவப்பு வட்டங்கள் இருக்கின்றன. ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் வேலை அந்த நான்கு பேருக்கும் நினைவூட்டுக் கடிதம் எழுதுவதுதான்.